பங்குனித் தண்ணீரில் விரால்: செட்டிநாட்டுக் கண்மாய்ப் பயணம்

புதன் இரவு, காரைக்குடி

பங்குனி பாதி தாண்டிவிட்டது. சம்பா அறுத்த வயல்களில் ஆடு மேய்கிறது. வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை கண்மாய்களுக்கு இந்த வருஷம் முடிந்தது. வெயில் குடித்தது போக மிச்சம் இருப்பது மாட்டுக்கும் மீனுக்கும்தான். செட்டிநாட்டில் தூண்டில் போடுவதென்றால் இந்த நேரத்தில் வா என்று காரைக்குடி நண்பன் நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இன்று பல்லவனில் வந்து இறங்கியாயிற்று. அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதிப் போடுகிறேன்.

நான் ஃப்ளை தூண்டில்காரன். நீலகிரியில் ட்ரவுட் பிடித்துப் பழகிய கை. இந்தத் தூண்டிலைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ தன் எடையால் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில், கொக்கியில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பூச்சிக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. தடித்த லைனைத்தான் முன்னும் பின்னும் வீசுகிறோம். அது விரிந்து போகும்போது பூச்சியும் கூடவே போய் விழும். மண்புழு வேண்டாம், கோதுமை மாவு வேண்டாம்.

ட்ரவுட் நம்மூர் மீன் அல்ல. வெள்ளைக்காரர்கள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்து விட்டது. நீலகிரியில் அதற்காக அவலாஞ்சியில் 1907இல் வில்சன் என்பவர் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அது குளிர்ந்த, ஓடுகிற, பிராணவாயு நிறைந்த தண்ணீரில் மட்டுமே வாழும். தண்ணீரின் சூடு 20 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கிவிடும். அதனால் மலையில் பருவம் பார்ப்பது என்றால் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை.

செட்டிநாட்டில் அந்தக் கருவிக்கு வேலையில்லை. இங்கே நான் தேடி வந்திருப்பது விரால். செவுளுக்கு மேலே அதற்குத் தனியாக ஒரு காற்றறை உண்டு. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து நம்மைப் போலக் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். சூடான தண்ணீர், கலங்கல் தண்ணீர், சேறு எதுவும் அதற்குப் பொருட்டில்லை. ட்ரவுட்டின் பஞ்சாங்கம் குளிர் என்றால் விராலின் பஞ்சாங்கம் தண்ணீர் மட்டம். கண்மாயில் எவ்வளவு தண்ணீர், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால் மீன் எங்கே நிற்கும் என்பது பாதி தெரிந்துவிடும்.

நாளை விடிவதற்கு முன் கிளம்புகிறோம்.


வியாழன், தேவகோட்டைப் பக்கம்

விருசுழி ஆற்றுப் பக்கமாக உள்ளே போனால் சின்னதும் பெரியதுமாகக் கண்மாய்கள். ஒன்றின் கரையில் வண்டியை நிறுத்தினோம். ஐந்தே முக்கால் இருக்கும்.

முதலில் அனுமதி விஷயம். ஆள் இல்லாத தண்ணீர் என்று எண்ணிக்கொண்டு வெளியூர்க்காரர்கள் இறங்கிவிடுகிறார்கள். அப்படி எந்தக் கண்மாயும் இங்கே கிடையாது. பொதுவாக 100 ஏக்கர் ஆயக்கட்டுக்கு, அதாவது பாசன நிலத்துக்கு, மேல் உள்ளவை அரசின் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மீன்பாசி குத்தகை என்று ஏலம் விடுவார்கள். எடுத்தவர் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சு வாங்கி விட்டிருப்பார், காவலுக்கு ஆள் போட்டிருப்பார். சில கண்மாய்களை ஊரே ஏலத்துக்கு விடாமல் வைத்திருக்கும். எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். நண்பன் முந்தின நாளே குத்தகைக்காரரிடம் பேசி வைத்திருந்தான். “பிடிச்சதைத் திருப்பி விட்டுருவாகளா? அப்ப என்ன கேள்வி, வரச் சொல்லுங்க” என்றாராம்.

கரையில் நீர்ப்பாய்ச்சி நின்றிருந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதும் அவர் வேலை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கம்பைப் பூட்டி லைனை வீசிப் பார்ப்பதைச் சற்று நேரம் கவனித்தார்.

“என்ன தம்பி, மாட்டுக்காரன் சாட்டையைச் சுத்துறமாதிரி சுத்துறீக. மீனு பயந்து ஓடிராது?”

“மீனுக்குப் பின்னால விழாம முன்னால விழுந்தா ஓடாதுங்கய்யா.”

“அப்ப மொதல்ல மீனு எங்கன நிக்குதுன்னு பாருங்க” என்று சொல்லி, கரையிலேயே உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தோம். தண்ணீர் வற்றி உள்வாய்ப் பக்கம் நெடுந்தூரம் தரை தெரிந்தது. மட்டம் இறங்கின தடம் கரைக் கற்களில் வரிவரியாகத் தெரிந்தது. மிச்சத் தண்ணீர் மடையை ஒட்டிய ஆழத்திலும், மண்ணெடுத்த பள்ளங்களிலும், நடுவே நின்ற நாட்டுக் கருவேல மரங்களைச் சுற்றியும் கிடந்தது. ஒரு பக்கம் தாமரை. மறுகரையில் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர். முந்தைய வாரம் காற்றில்லாததால் மேலே பச்சை படர்ந்து, கையை விட்டால் முழங்கை தெரியாத கலங்கல்.

தாமரை இலைகளுக்கு நடுவில் ‘பொளக்’ என்று ஒரு சத்தம். வட்டம் விரிந்து அடங்கியது. “இது மூச்சு” என்றார். இன்னொரு பக்கம் ‘சளப்’ என்று தண்ணீர் சிதறியது. “அது இரை. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சாத்தான் வேலைக்காகும்.” மூச்சுக்கு வரும் மீன் காற்றைக் குடித்த கையோடு கீழே போய்விடும், எதையும் கவ்வாது. ஆனால் சற்று நேரத்தில் அதே இடத்தில் அல்லது இரண்டு மூன்று அடி தள்ளி மறுபடி வரும். அது எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டு, போகிற வழியில் இரையைப் போட்டு வைக்க வேண்டும். மலையோடையில் ட்ரவுட் ஒரே கல்லின் பின்னால் நின்று தண்ணீர் கொண்டுவருவதைத் தின்னும். ஆறு நமக்காகப் பூச்சியைச் சுமந்துபோகும். இங்கே தண்ணீர் அசையவில்லை. எல்லாவற்றையும் நாம்தான் அசைக்க வேண்டும்.

எட்டாம் நம்பர் கம்பு, மிதக்கும் லைன், முனையில் 20 பவுண்டு நரம்பு. பூச்சிக்குப் பதில் ரப்பர்க் கால் வைத்த தவளை. ஃபோமில் செய்தது, கொக்கிக்கு முன்னால் செடி மாட்டாமலிருக்க மெல்லிய கம்பி கட்டியது. கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கியிருந்தேன். ட்ரவுட்டுக்கு வைக்கிற நான்காம் நம்பர் கம்பு இந்தத் தாமரைத் தண்டுகளுக்குள் ஒரு நிமிஷம் தாங்காது.

மூன்றாவது இடத்தில் எடுத்தது. தவளையை ஓர் இலைமேல் விழவிட்டு, மெதுவாக இழுத்துத் தண்ணீரில் வழுக்கிவிட்டேன். இரண்டு இழுப்பு. நிறுத்தம். தண்ணீர் கீழிருந்து வீங்கி எழுந்தது. தவளையைக் காணோம்.

ட்ரவுட் பிடிக்கிறவன் கை பூச்சி மறைந்ததும் கம்பைத் தூக்கும். விராலுக்கு அது கூடாது. அதன் வாய் எலும்பு, பல்லும் உண்டு. இரையைக் கவ்வித் திரும்பிய பிறகு, கம்பைத் தண்ணீரை நோக்கி நீட்டியபடியே இடது கையால் லைனை வெடுக்கென்று இழுக்க வேண்டும். இழுத்தேன். அது நேரே கருவேலந் தூருக்கு ஓடப் பார்த்தது. விட்டுக்கொடுக்க இடமில்லை. கம்பு அடிவரை வளைந்தது.

கரையோரத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். முழங்கை நீளத்துக்குச் சற்று மேல். முதுகு கருமை, வயிறு வெள்ளை, இடையில் சாய்வாக இறங்கும் கறுப்புப் பட்டைகள். தட்டையான பாம்புத் தலை. தண்ணீரைவிட்டு எடுத்த ட்ரவுட் கையில் துடிதுடிக்கும்; நாமும் பதறிக்கொண்டே கொக்கியைக் கழற்றுவோம். விரால் அசையாமல் கிடந்தது. தாடையைத் திறந்து மூடி ஒரு வாய்க் காற்றை விழுங்கியது, அவ்வளவுதான். மேலெல்லாம் கோழை. அந்தக் கோழைதான் அதற்குக் கவசம், காய்ந்த கையால் பிடித்தால் உரிந்துவிடும். கையை நனைத்துப் பிடித்து, கொக்கியைக் கழற்றி விட்டேன். சேற்றைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

“நல்ல மீனை விட்டுட்டீகளே” என்று நீர்ப்பாய்ச்சிக்கு மனசு கேட்கவில்லை. பிறகு அவரே சொன்னார்: “சரி, குத்தகைக்காரன் சந்தோசப்படுவான்.”

எட்டரைக்குமேல் வெயில் ஏறி எல்லாம் இலைக்கடியில் போய்விட்டது. மாலையில் கிழக்கிருந்து காற்று கிளம்பித் தண்ணீர் சிலுசிலுத்தது, மூச்சு விடும் வட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. விடியற்காலைதான் இங்கே நேரம்.


வெள்ளி, திருமயம் பக்கம்

இன்று தூண்டிலை வண்டியிலேயே வைத்துவிட்டேன். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பார்க்கிற நாள்.

கோட்டையைத் தாண்டிப் பாம்பாற்றுப் பக்கமாகப் போய், ஒரு கண்மாயின் கலுங்கிலிருந்து, நிரம்பின தண்ணீர் வழிந்து வெளியேறும் கல்கட்டிலிருந்து, அடுத்த கண்மாய் வரை நடந்தோம். இந்த நாட்டில் கண்மாய்கள் தனித்தனி அல்ல. மேல்கண்மாய் நிரம்பி மறுகால் போனால், அந்தத் தண்ணீர் கீழ்க்கண்மாய்க்கு வரத்து. அது நிரம்பினால் அடுத்தது. தமிழ்நாட்டில் மொத்தம் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் என்று கணக்கு. அதில் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் சீமைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வருஷம் முழுக்க ஓடுகிற பெரிய ஆறு இல்லாத மண். பெய்கிற மழையைப் படிப்படியாக நிறுத்தி நிறுத்தி இறக்குவதுதான் இங்கே விவசாயம்.

மீனுக்கும் அதுவே பாதை. கூட வந்த உள்ளூர் அண்ணன் வருஷத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தார். எனக்கு ஆற்றுப் பருவம் பற்றிய எந்தக் குறிப்பும் இவ்வளவு துலக்கமாகக் கிடைத்ததில்லை.

ஆடியில் பெரும்பாலான கண்மாய் தரை தெரியும். ஆவணி, புரட்டாசியில் இடிமழை இரண்டு விழுந்தால் பள்ளங்களில் செந்தண்ணீர் தேங்கும். சேற்றுக்குள் ஒடுங்கிக் கிடந்த விராலும் குறவையும் அப்போதே வெளியே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. வரத்துக்கால் பாயும். அன்றிலிருந்து மீன் கீழிருந்து மேலே ஏறும். கெண்டை, கெளுத்தி, அயிரை எல்லாம் புதுத்தண்ணீரை எதிர்த்து, வயிறு நிறையச் சினையோடு, வயல்வெளியில் தேங்கிய மெல்லிய தண்ணீருக்கு முட்டையிடப் போகும். விரால் ஈரப்புல்லில் நெளிந்தே ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். ஓரத்துச் செடிகளுக்கிடையே அது குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் செந்நிறத்தில் ஒரு திரளாக மேலே கொதித்துக்கொண்டு திரியும், அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். மார்கழி, தையில் தண்ணீர் தெளிந்து, பாசி வளர்ந்து, நிறைந்த கண்மாயில் மீன் எங்கேயும் இருக்கும். எங்கே என்று சொல்ல முடியாது. மாசியில் மட்டம் இறங்கத் தொடங்கும். பங்குனியில் மீன் ஒதுங்கும். சித்திரை, வைகாசியில் கண்மாய் அழிப்பு: வற்றின கண்மாயில் ஊரே இறங்கி மிச்ச மீனைப் பிடிப்பது. சில ஊர்களில் பங்குனியிலேயே நடந்துவிடும்.

கலுங்கில் வந்து நின்றோம். செம்புறாங்கல் அடுக்கு. அதன் கீழே தண்ணீர் விழுந்து தோண்டிய பள்ளம், இப்போது காய்ந்து கிடக்கிறது. ஐப்பசியில் மறுகால் போகும் இரவில் இந்த இடத்தில் டார்ச் லைட்டும் வலையுமாக ஊரே நிற்கும் என்றார் அண்ணன். ஏறுகிற மீன் கல்லில் முட்டித் தாவும். தாவுகிற இடத்தில் வலையைப் பிடித்தால் போதும். ஓடையில் குறுக்கே மண்ணைப் போட்டு நடுவில் பறி வைத்துவிட்டால் காலையில் கூடை நிறையும். வயிற்றைக் கீறினால் பாதி எடை சினை.

இதில் எனக்குத் தயக்கமே இல்லாத கருத்து ஒன்று உண்டு, எழுதிவிடுகிறேன். பங்குனி, சித்திரையில் கண்மாயில் இருக்கிற மீனை எவ்வளவு வேண்டுமானாலும் ஊர் பிடிக்கட்டும். தண்ணீர் வற்றினால் அவற்றில் பெரும்பாலானவை எப்படியும் சாகப்போகின்றன; கொக்குக்கும் நாய்க்கும் போவது மனிதர் வாய்க்குப் போகட்டும். ஆனால் ஐப்பசியில் ஏறுகிற மீனைத் தொடக் கூடாது. அன்று கலுங்கில் பிடிக்கிற ஒரு கெண்டை, அடுத்த பங்குனியில் கிடைக்கவேண்டிய நூற்றுக்கணக்கான கெண்டை. மலையிலும் இதே நியாயம்தான்: ட்ரவுட் சரளைக்கல்லில் முட்டையிடுகிற மாதங்களில் தெரிந்த தூண்டில்காரர் யாரும் அந்த ஓடையில் கால் வைக்கமாட்டார்கள். காவல் இருக்கும் விராலைத் தூண்டிலில் எடுப்பதும் அதே பாவம். அது பசித்துக் கவ்வுவதில்லை, குஞ்சைக் காக்கக் கவ்வுகிறது. அதை எடுத்துவிட்டால் சிவப்புத் திரள் முழுவதும் ஒரே மணி நேரத்தில் கெளுத்திக்கும் நாரைக்கும் இரை.

அண்ணன் எதிர்வாதம் வைத்தார். “மழைக்காலத்துல வேலையுமில்ல கூலியுமில்ல. அன்னைக்குக் கெடைக்கிற மீனை விடச் சொன்னா எப்படி விடுவான்?” இதை ஒதுக்கிவிட முடியாது. ஊர் முழுக்கக் கட்டுப்பாடு போட்டால்தான் நடக்கும், ஒருவன் மட்டும் விட்டால் பக்கத்தில் நிற்பவன் எடுத்துவிடுவான். குடிமராமத்தில் ஊர் கூடிக் கரையை உயர்த்துகிறது, மடையைச் சரி செய்கிறது. அந்தக் கூட்டத்திலேயே முதல் மறுகாலுக்கு ஒரு வாரம் கலுங்கில் வலை கூடாது என்று பேசி முடிக்கலாம்.

வழியில் வரத்துக்காலைப் பல இடத்தில் சீமைக் கருவேலம் அடைத்திருந்தது, ஓரிடத்தில் பிளாட் போட்டு மூடியே விட்டார்கள். தண்ணீருக்கு வழியில்லை என்று எல்லோரும் பேசுகிறோம். மீனுக்கும் அதே வழிதான் அடைபட்டிருக்கிறது.


சனி, வேட்டங்குடி, பிறகு கானாடுகாத்தான்

காலையில் திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களையும் சேர்த்து 1977இல் அறிவிக்கப்பட்டது. பறவைகள் பயந்துவிடும் என்று இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வந்த பறவைகளில் பெரும்பாலானவை கிளம்பிவிட்டன. நத்தைகுத்தி நாரைகள் கொஞ்சம், கருவேல மரங்களில் பழைய கூடுகள். இங்கே தூண்டிலுக்கு இடமில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மதியம் கானாடுகாத்தான். பெரிய வீடுகளைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நான் ஊரணிகளைப் பார்த்தேன். நாற்புறமும் கல் படி, சுற்றிலும் சுவர், வரத்துத் தண்ணீர் நுழையும் வாய். வீடுகளின் ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, உள்வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து, ஊரணிக்குப் போகும்படி ஊரையே சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். குடிதண்ணீர் ஊரணியில் கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள், மீன்பிடிப்பது பேச்சுக்கே இல்லை. படியில் நின்று பார்த்தால் கெண்டைகள் சாவகாசமாக மேலே வந்து போகின்றன. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவது போல இவற்றுக்கு யாரும் போடுவதில்லை. தாமாக வாழ்கின்றன.

நண்பனின் உறவில் ஓர் ஆச்சி வீட்டில் சாப்பாடு. சந்தையில் வாங்கிய விரால். அடுப்படிப் பின்கட்டில் ஆச்சி அதைக் கழுவுவதை நின்று பார்த்தேன். அடுப்புச் சாம்பலை மீன்மேல் அள்ளித் தூவி, சொரசொரப்பான கல்லில் வைத்துத் தேய்த்தார். கோழையெல்லாம் சாம்பலோடு திரண்டு வந்தது. பிறகு கல்லுப்பும் புளியும் போட்டு மறுபடி தேய்ப்பு. தோல் கறுப்பு போய் வெளுத்துவிட்டது. “இன்னும் ரெண்டு தண்ணி” என்று சொல்லிக்கொண்டே அலசினார். “அப்புறம் விரால் கவிச்சியடிக்குதுன்னு சொல்லுவீக. கழுவாதவுக சொல்ற குத்தம் அது.”

அயிரையும் கொஞ்சம் இருந்தது. உயிரோடு வாங்கினால்தான் அயிரை. சட்டித் தண்ணீரில் விட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி வைத்தார். சுண்டுவிரல்கூட இல்லாத மீன்கள் துள்ளித் துள்ளி வயிற்றில் இருந்த மண்ணைக் கக்கின. பால் பழுப்பாயிற்று. இரண்டு முறை மாற்றிய பிறகு குழம்புக்குப் போயிற்று. மண்சட்டி, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், முழுப்பூண்டு, கெட்டியான புளி. தட்டில் விழுந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

“அயிரை முன்னமாதிரி வரல தம்பி” என்றார் ஆச்சி, இரண்டாம் முறை ஊற்றும்போது. சந்தையில் சிலேபி என்கிற திலாப்பியாதான் நிறைய. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த மீன் அது. எந்தத் தண்ணீரிலும் பெருகும், எதையும் தின்னும், குஞ்சை வாயில் வைத்துக் காக்கும். நாட்டுக் கெண்டையின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. அதைவிட மோசம் ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000ஆம் ஆண்டே வளர்க்கத் தடை போட்டும் கள்ளத்தனமாகக் குட்டைகளில் வளர்த்து, வெள்ளத்தில் உடைந்து கண்மாய்க்கு வந்துவிட்டது. பிடித்ததைத் திருப்பி விடுகிறவன் நான். ஆனால் இந்த இரண்டும் தூண்டிலில் வந்தால் தண்ணீருக்குத் திரும்பாது.


ஞாயிறு, கண்மாய் அழிப்பு

ஊர் பேரைப் போடவில்லை. ஊர்ப் பெரியவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். செய்தி பரவினால் தாங்க முடியாத கூட்டம் வந்து கரை மிதிபடுகிறதாம்.

நாலரை மணிக்கே சாலையில் வரிசையாக டூவீலர், குட்டியானை, டிராக்டர். எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று. ஊத்தா, கச்சா, வீச்சு வலை, கொசுவலை, பழைய சேலை. மாமியார் ஊர், மச்சான் ஊர் என்று பக்கத்து ஊர்களெல்லாம் வந்திருந்தன. யார் வந்தாலும் காசு கிடையாது, பங்கு கேட்பதும் கிடையாது. கரையைச் சுற்றி மக்கள் நின்றார்கள், ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. நான் மிக வியந்தது இந்த இடத்தைத்தான். முழங்கால் அளவுத் தண்ணீரில் மீன் முதுகு தெரிகிறது. காவலர் கிடையாது, கயிறு கிடையாது. சின்னப் பையன்கூட இறங்கவில்லை.

விடிந்ததும் மடைக்கருப்பருக்குத் தேங்காய் உடைத்தார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் கரைமேல் ஏறி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து வீசினார். ஓர் ஆரவாரம். நாற்புறத்திலிருந்தும் ஒரே நேரத்தில் இறங்கியது கூட்டம்.

ஊத்தாவைப் பார்த்திராதவர்களுக்கு: மூங்கில் சிம்பை வரிசையாகக் கட்டி, கீழே அகலமும் மேலே குறுகலுமாகச் செய்த அடியில்லாத கூடை. தண்ணீரில் நடந்துகொண்டே சேற்றில் அழுத்துவார்கள். உள்ளே மீன் இருந்தால் சிம்பில் முட்டும், அந்த அதிர்வு கைக்குத் தெரியும். உடனே மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவி எடுப்பது. என் கையில் ஒருவர் ஊத்தாவைக் கொடுத்து, “அமுத்துங்க அப்பு, பயப்படாதீக” என்றார். அழுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு முட்டு. தூண்டில் கம்பின் வழியாகத் தெரிகிற இழுப்பு வேறு. இது நேரே உள்ளங்கையில் விழுகிறது. தோள்வரை கையை விட்டேன். சேற்றுக்குள் வழுவழுவென்று ஒன்று விரல்களுக்கிடையே நழுவி, நழுவி, செவுளில் பெருவிரல் மாட்டியபோது நின்றது. குறவை. ஒரு சாண்தான். பக்கத்தில் நின்ற பாட்டியின் சாக்கில் போட்டேன்.

நூற்றுக்கணக்கான கால்கள் சேற்றைக் கிளப்பியதும் கட்லாவும் ரோகுவும் மூச்சுத் திணறி வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. வலைக்காரர்களுக்கு அவைதான் வேட்டை. விரால் திணறவில்லை, ஆள்களுக்கு நடுவே பாய்ந்து ஓடியது. கெளுத்தி முள் குத்தி ஒரு பையன் கையை உதறிக்கொண்டு அழுதான். அவன் அம்மா சுண்ணாம்பு வாங்கித் தடவிவிட்டு மறுபடி இறக்கிவிட்டார். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் குழம்பாகி, கூட்டம் கரையேறியது. சாக்கு நிறைந்தவர்களும் இருந்தார்கள், குழம்புக்கு மட்டும் கிடைத்தவர்களும் இருந்தார்கள். விற்கக் கூடாது என்பது இந்த ஊர்க் கட்டுப்பாடு. வெறும் கையோடு நின்ற ஒரு பெரியவருக்கு, அவரைத் தெரியாத ஓர் இளைஞன் தன் பையிலிருந்து இரண்டு கெண்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். இப்படிப் பகிர்ந்து பிடித்தால்தான் அடுத்த வருஷம் மழை பெய்து கண்மாய் பெருகும் என்பது நம்பிக்கை.

நாட்டாரிடம் மனசில் இருந்ததைக் கேட்டேன்: வித்துமீனுக்கு என்ன வழி?

மடையருகே கூட்டிப்போய்க் காட்டினார். ஆழமான மடைப்பள்ளம். அதற்குள் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். வலையும் போகாது, ஊத்தாவும் போகாது. “இது வத்தாது. இதுல கெடக்குறது கெடக்கட்டும்” என்றார். ஐப்பசி, கலுங்கு, சினைமீன் பற்றி நேற்று முன்தினம் பேசியதைச் சொன்னேன். உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. “எளவட்டப் பயலுக கேப்பானுகளா” என்று யோசித்தார். “ஆடியில கூட்டம் போடுவோம். அதுல ஒரு வார்த்தை போட்டுப் பாக்குறேன்.”


திங்கள் காலை, காரைக்குடி

எப்போது வரலாம், என்ன கொண்டுவரலாம் என்று நிறையப் பேர் கேட்டார்கள். ரயிலுக்கு முன் அதற்குப் பதில்.

மாசிக் கடைசி முதல் சித்திரைப் பாதி வரை ஃப்ளைக்கு ஏற்ற காலம். அதற்குமுன் தண்ணீர் அதிகம், பிறகு தண்ணீரே இருக்காது. போன ஐப்பசியில் கண்மாய் மறுகால் போனதா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். போகாத வருஷத்தில் தையிலேயே வற்றிவிடும். விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டரை. காற்றடிக்கும் மாலை வீண். ஏழு அல்லது எட்டாம் நம்பர் கம்பு. பச்சை, கறுப்புத் தவளைகள் இரண்டும் எடுக்கின்றன. கலங்கலில் கறுப்பு மேல். எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். கெளுத்திக்குக் குறடு கட்டாயம். சேறு பல இடத்தில் இடுப்பளவு வாங்கும், தனியாக இறங்காதீர்கள். குத்தகைக்காரரிடமோ ஊரிலோ கேட்காமல் ஒரு வீச்சுகூட வேண்டாம். செந்நிறக் குஞ்சுத் திரளைக் கண்டால் அந்த மூலையையே விட்டு நகர்ந்துவிடுங்கள்.

நீர்ப்பாய்ச்சி ஐயாவின் நம்பர் வாங்கியிருக்கிறேன். முதல் மறுகால் போகும் அன்று கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது வந்து, தூண்டில் இல்லாமல், எந்தெந்த மீன் எந்த வரிசையில் ஏறுகிறது என்று இரவு முழுக்கக் கலுங்கில் நின்று பார்த்து எழுத வேண்டும். ஆடிக் கூட்டத்தில் என்ன முடிவானது என்பதையும் அதில் சேர்க்கிறேன்.